தேன்மொழி வேண்டாமென்று சொன்ன இதயம்

திருப்பதியில் அந்தப் பெரிய மருத்துவமனைக்குள் தேன்மொழியின் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எதற்கு வம்பு என்று எல்லாரும் சேர்ந்து அவளைத் ‘தேனு’ ஆக்கிவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சித்தூர்ப் பக்கத்துப் பாலசமுத்திரத்தில் அவளைப் பெற்ற வெங்கடசாமியே ‘தேன்மொயி’ என்றுதான் கூப்பிடுவார். பெயர் வைத்தவருக்கே வராதது ஊராருக்கு எங்கே வரப்போகிறது?

இதய அறுவை படித்து முடித்து, அதற்கு மேல் இதயமும் நுரையீரலும் மாற்றிவைக்கிற வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்து அவளுக்கு இது இரண்டாம் வருடம். இந்த மாதிரி டாக்டர்களுக்கு நெஞ்சு கல், நரம்பு இரும்பு என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பேத்தல். தேன்மொழி ஒரு பயந்தாங்கொள்ளி. கை நடுங்காது, அது மெய்தான். கைக்குப் பதிலாக வயிறு கலங்கும். அறுவைக்கு முந்தின நாள் சோறு இறங்காது. கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள்; அவளும் சிரித்துவைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்வருவாள்.

வெங்கடசாமியும் பொன்னியம்மாவும் அடுத்தவர் கழனியில் கரும்பு வெட்டியவர்கள். பிறகு குத்தகை, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் என்று மெல்ல மெல்லத் தலையெடுத்தார்கள். மகள் டாக்டரானதில் தெருவுக்கே பெருமை. ஜுரம், மூட்டுவலி, மாட்டுக்குக் கழிச்சல் எல்லாவற்றுக்கும் அவளுக்குத்தான் போன் வரும். ஆனால் இப்போது படிப்பது என்ன படிப்பு என்று அவள் விளக்கிச் சொன்ன அன்று பொன்னியம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். இதயத்தை அந்தப் பக்கத்தில் தெலுங்குக்காரர்களைப் போலவே குண்டெ என்பார்கள்.

“செத்தவங்க குண்டெய அறுத்து எடுக்கிற வேலயா? ஏன்டி, ஒனக்கு வேற வேலயே கெடைக்கலியா?”

“எடுத்துக்கினு வந்து இன்னொருத்தருக்கு வைக்கிறதும்மா.”

“வைக்கிறத நீ கத்துக்கோ. எடுக்கிறத வேற யாராச்சும் பாத்துக்கட்டும்.”

அது நடக்காது. இந்தப் படிப்பில் முதலில் கற்றுக்கொடுப்பதே எடுப்பதைத்தான். அதிலும் எதை எடுக்கக் கூடாது என்பதை. பயிற்சிக்குத் தலைவர் ஹரிபாபு நெல்லூர்க்காரர், முன்கோபி, பசி வந்தால் இன்னும் முன்கோபி. கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இதயங்கள் வாங்கிவரச் சொல்வார். மேலே இருக்கிற கொழுப்பைக் கீறி, ரத்தக்குழாயை ஒட்டி எங்கோ ஒரு நொய்யரிசியைச் சொருகித் தைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி அரிசி எங்கே இருக்கிறதென்று சொல்லவேண்டும். சில இதயங்களில் அரிசியே வைத்திருக்க மாட்டார். அதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். வாராவாரம் அத்தனை இதயம் வாங்குகிறாளே என்று கடைக்காரர் தேன்மொழியை மெஸ் நடத்துகிறவள் என்றே முடிவுகட்டி, “ஈரலும் சேத்துப் போடவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அரிசி விளையாட்டுக்குக் காரணம் இருந்தது. மூளை இறந்துபோய், மெஷின் மூச்சில் கிடக்கிறவரின் இதயம் நன்றாகத் துடிக்கிறதா என்பதை ஸ்கேன் காட்டிவிடும். குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதைப் பார்க்கிற கருவி எல்லா ஊரிலும் இருக்காது. அப்போது மார்பைத் திறந்தபின் எடுக்கப் போனவரின் விரல்தான் கடைசிப் பரிசோதனை. அவர் போனில் ‘எடுக்கிறேன்’ என்று சொன்ன பிறகுதான் இந்தப் பக்கம் நோயாளியின் மேல் கத்தி படும்.

ஹரிபாபுவிடம் இன்னொரு சட்டமும் உண்டு. எடுக்கப் போகிறவர் கொடுத்தவர் வீட்டாரைப் பார்க்கக் கூடாது. வேலை முடியும்வரை அவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம்கூடப் போகக் கூடாது. “பெத்தவளைப் பார்த்துட்டா, அப்புறம் உன் விரல் பொய் சொல்லும்” என்பார். தேன்மொழி இதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான்.

சித்தூரிலிருந்து தகவல் வந்தது ஒரு காலை வேளையில். வேணு என்று பெயர், முப்பத்தாறு வயது, மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. பைக்கில் போகும்போது சாலைத் தடுப்பில் மோதித் தலையில் அடி. மூளை இறந்துவிட்டதென்று மறுசோதனையும் செய்து உறுதிப்படுத்தியிருந்தார்கள். வீட்டார் தானத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதால் அது உதவாது. கல்லீரலும் சிறுநீரகமும் வேறொரு குழுவுக்கு. இதயம் இவர்களுக்கு. ரத்த வகை, உடல்வாகு எல்லாம் வார்டில் காத்திருந்த யசோதாவுக்குப் பொருந்தின.

யசோதா திருச்சானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் வேலை பார்த்தவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் இதயம் வீங்கித் தொய்ந்துபோயிற்று. கட்டிலை விட்டு இறங்கினால் மூச்சு வாங்கும். ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருந்தால்தான் உயிர். முன்பு ஒரு தடவை இதேபோல் தயார்செய்து, அறுவை அறை வாசல்வரை கொண்டுபோய், அந்த இதயம் சரியில்லையென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்று கிளம்புமுன் தேன்மொழி வார்டுக்குப் போனபோது யசோதா அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். “இந்தத் தடவை தப்பாது இல்ல மேடம்?” என்று தெலுங்கில் கேட்டாள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தேன்மொழி சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

“நீதான் தலைமை. கூட ரமணா வருவான். நான் இங்கே யசோதா பக்கத்துல இருக்கேன்” என்றார் ஹரிபாபு. இதுவரை தேன்மொழி இரண்டாம் ஆளாகத்தான் போயிருக்கிறாள். இன்று முடிவு சொல்கிற விரல் அவளுடையது. ஆம்புலன்ஸில் ஐஸ் நிரப்பிய பெட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு வருடம் இளையவனான ரமணா வழியெல்லாம் இட்லி தின்றுகொண்டு வந்தான். அந்த வாசனையே அவளுக்குக் குமட்டியது.

சித்தூர் மருத்துவமனையில் அறுவை அறைக்குப் போகும் நடையில் தருண் ஓடிவந்தான். தானம் கொடுக்கிற வீட்டாரோடு பேசுகிற வேலை அவனுக்கு. குண்டூர்ப் பக்கத்துப் பையன், தமிழ் சுத்தமாகத் தெரியாது. வேணுவின் அம்மா ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒன்றும் புரியவில்லை என்று தெலுங்கில் சொன்னான். தெலுங்கு தெரிந்த இளைய மகன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துத் தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருத்தியும் கண்ணில் படவில்லை. “ஒரே நிமிஷம் மேடம். என்ன கேக்கறாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க.”

போகக் கூடாதுதான். தேன்மொழி திரும்பி நடந்திருப்பாள். ஆனால் அதற்குள் அந்தக் குரல் காதில் விழுந்துவிட்டது. அது அவள் தெருவில் பேசுகிற பேச்சு. சித்தூர்ச் சந்தையில் எல்லாரோடும் தெலுங்கு பேசி வாழ்ந்தவளுக்கு, மகன் போனதும் அந்தப் பாஷை மொத்தமும் மறந்துபோயிருந்தது. தேன்மொழியின் கால் தானாக அந்தப் பக்கம் போனது.

வேணுவின் அம்மா செங்கம்மா நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். “இன்னாம்மா கேக்கிறீங்கோ?” என்று தேன்மொழி குனிந்ததும் அவள் முகம் மாறியது.

“எம்மா, நீ நம்ம பக்கத்துப் பொண்ணா? சொல்லு. அவன் குண்டெ நெசமாவே இன்னொருத்தர் ஒடம்புல அடிக்குமா? இல்ல, எனக்குத் தெரியாதுன்னு சும்மா சொல்றாங்களா?”

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் சொல்லவேண்டுமென்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முயற்சி செய்கிறோம் என்று சொல்லவேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

“அடிக்கும்மா” என்றாள் தேன்மொழி.

“யாருக்கு வைக்கிறீங்கோன்னு நான் கேக்கல. அடிச்சா போதும். ரெண்டு நாளா இந்த ஒண்ணத்தான் நெனச்சிக்கினு ஒக்காந்துக்கினு கீறேன்.”

அறைக்குள் போய்க் கை கழுவும்போதே தேன்மொழிக்குத் தான் செய்தது உறைத்தது. இன்னும் கண்ணால் பார்க்காத இதயத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். எந்த மடையனும் செய்யமாட்டான். சோப்பு நுரையை வழித்து வழித்து மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தவளை, “அக்கா, போதும், தோல் வந்துடும்” என்று ரமணா இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

உள்ளே எல்லாரும் வேணுவைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். தானம் கொடுத்தவருக்குச் செய்கிற மரியாதை அது, எங்கேயும் உள்ள வழக்கம். மெஷினின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தேன்மொழி மார்பைத் திறந்தாள். மேலுறையை விலக்கினாள்.

அழகான இதயம். இப்படிச் சொல்வது வெளியாருக்கு விகாரமாக இருக்கலாம். ஆனால் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. நல்ல நிறம், சீரான துடிப்பு, எந்தப் பக்கமும் சோர்வில்லை. அவளுக்கு அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது. யசோதாவின் பிடியும் செங்கம்மாவின் முகமும் ஒன்றாக மனதில் வந்தன. 

விரலை வைத்தாள். வலப்பக்கத்துக் குழாய் மெத்தென்று இருந்தது. முன்பக்கமாக இறங்குகிற பெரிய குழாயின்மேல் விரலை நகர்த்தினாள். மேலேயிருந்து கொஞ்சம் கீழே வந்ததும் ஏதோ தட்டுப்பட்டது.

கொழுப்பாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பது தவறு. அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். மறுபடி தடவினாள். துடிக்கிற இதயம், விரலுக்குக் கீழே நிற்கவா செய்யும்? இருக்கிறதுபோல் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. ரமணாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவனும் தடவினான். “எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. கொழுப்பாத்தான் இருக்கும்.”

அந்தச் சொல் போதும். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள். முப்பத்தாறு வயது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது, இரண்டு பேர் தொட்டுப் பார்த்தார்கள். செங்கம்மாவிடம் சொன்ன சொல்லும் காப்பாற்றப்படும்.

நர்ஸ் ஒருத்தி போனை அவள் காதருகே பிடித்தாள். “சொல்லு தேனு” என்றார் ஹரிபாபு.

கற்றுக்கொடுத்த வரிசையில் அவள் சொல்லத் தொடங்கினாள். அளவு சரி, துடிப்பு சரி, வால்வு சரி, வலப்பக்கக் குழாய் சரி. அதோடு நின்றுவிட்டாள்.

“இடப்பக்கம்?”

அவள் விரல் மறுபடியும் முன்பக்கக் குழாய்க்கே போனது.

“தேனு, யசோதாவை மேஜையில ஏத்தியாச்சு. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. உன் ஒரு வார்த்தைக்குத்தான் மயக்க மருந்து கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

“ஒரு நிமிஷம் சார்.”

தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். அறை முழுக்கத் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. பயத்தில் முதுகு நனைந்து ஒட்டியது. பெரிய குழாயை விட்டுவிட்டு, இதயத்தை லேசாகத் தூக்கி, பின்பக்கம் வளைந்துபோகிற கிளையில் விரலை வைத்தாள். அங்கே கொழுப்பு அதிகம் இல்லை. அங்கே ஏமாற வழியில்லை. அங்கேயும் கெட்டியாக, காய்ந்த கொடிபோல் ஒரு துண்டு விரலுக்கு அகப்பட்டது. முன்பக்கம் திரும்ப வந்து அழுத்திப் பார்த்தாள். இப்போது அது கொழுப்பு இல்லையென்று விரலுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“ரெண்டு எடத்துல அடைப்பு இருக்கு சார். முன் குழாயிலயும் பின்னாடி கிளையிலயும். நான் இத எடுக்கமாட்டேன்.”

“அந்த அம்மாவைப் பார்த்தியாமே. தருண் சொன்னான்.”

“பார்த்தேன் சார்.”

“பார்த்துட்டும் வேண்டாங்கறியா?”

“ஆமா சார்.”

“அப்ப நிச்சயமா வேண்டாம்” என்றார் ஹரிபாபு. வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

கல்லீரல் குழு தன் வேலையைத் தொடர்ந்தது. அவர்கள் முடிக்கிற கட்டத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்தினார்கள். இதயம் மெல்ல ஓய்ந்து நின்றதைத் தேன்மொழி பக்கத்தில் நின்று பார்த்தாள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அப்போதெல்லாம் அடுத்த கணமே ஐஸ், பெட்டி, ஓட்டம் என்று இருக்கும். இன்று ஓட்டம் இல்லை. யாருக்கும் போகாத இதயம் நின்றுபோனதைப் பார்க்கிற கொடுமை அவளுக்குப் புதிது. பிறகு மார்பை அவளே தைத்து மூடினாள். ரமணா தைக்கிறேன் என்றதற்கு விடவில்லை.

பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றான் தருண். “மருத்துவக் காரணத்தால எடுக்கலன்னு நான் சொல்லிக்கறேன் மேடம்.” எந்தப் பாஷையில் சொல்வாய் என்று கேட்க அவள் வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் செங்கம்மாவிடம் போனாள். இப்போது இளைய மகன் சீனுவும் வந்திருந்தான். வேணுவுக்கு நாலு வயது இளையவன், அண்ணனோடு அதே தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிறவன்.

“எடுத்துக்கினியா எம்மா?” செங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

“இல்லம்மா. கல்லீரலும் கிட்னியும் நல்லா கீது, போய்டுச்சு. குண்டெய எடுக்கல. அதுக்குப் போற கொழாயில அடைப்பு இருந்திச்சி. வச்சா அவங்களுக்கும் நின்னுபூடும். நான் உங்ககிட்ட முன்னாடியே அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. எந் தப்புதான்.”

செங்கம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. “எம் புள்ளகிட்ட இன்னா கொறயக் கண்ட நீ? ஜொரம்னு ஒரு நாள் படுத்தவன் இல்ல. இம்மா நேரம் அறுத்துப் போட்டுட்டு வந்து வேணாம்னு சொல்றியே, நல்லா இருக்கா ஒனக்கு?” அவள் கத்தினாள். தேன்மொழி நின்ற இடத்திலேயே நின்று வாங்கிக்கொண்டாள். நடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு செங்கம்மா தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள்:

“இவுங்க நைனாவும் அப்பிடித்தான். களத்துல மார்ல கைய வச்சிக்கினு ஒக்காந்தாரு. வாயுன்னு சோடா வாங்கிக் குடுத்தோம். நாப்பது கூட ஆவல.”

தேன்மொழியின் கண் சீனுவின்மேல் போனது. அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. 

“சீனு, ஒனக்கு எப்பனாச்சும் மார் வலிக்குமா?”

“அதெல்லாம் இல்லக்கா. மூட்ட தூக்கிக்கினு மேட்ல ஏர்னா கொஞ்சம் இறுக்கும். நின்னா சரியாப்பூடும். வெறும் வாயுதான்.”

அங்கேயே அவனைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருக்கும்படியும் இல்லை. உடனே திருப்பதிக்கு வந்து குழாயைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்றாள். சீனு அண்ணன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். “கொள்ளி வைக்கிறவன் நான்தான்க்கா. காரியமெல்லாம் முடிச்சிட்டு, பதினாறுக்கு அப்பறம் வரேன்.”

அவனை எப்படி வற்புறுத்துவதென்று தேன்மொழிக்குத் தெரியவில்லை. அடைப்பு இருக்கிறது என்று அவளால் அடித்துச் சொல்ல முடியாது. இனிமேல் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவும் வாய் வராது. அப்போது செங்கம்மா மகனின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினாள்.

“கூட்டிக்கினு போ எம்மா. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சி பாடிய நாளைக்குத்தான் குடுப்பாங்களாம். அதுவரைக்கும் இவன் இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப்போறான்? பெரியவனுக்குத் தொணையா நான் கீறேன்.”

இதயத்தைக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸில், காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் சீனு கூனிக் குறுகி உட்கார்ந்தான். அவனை ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கவைத்திருந்தாள் தேன்மொழி. இதயத்துக்காகப் போலீசார் காலிசெய்து கொடுப்பதாக இருந்த சாலை இப்போது எல்லாரையும்போல் இவர்களையும் நிறுத்தி நிறுத்தி விட்டது. யசோதாவை வார்டுக்குத் திரும்ப அனுப்பிவிட்டதாகவும், அவள் யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதாகவும் செய்தி வந்தது. அவள் முன்னால் போய் எப்படி நிற்பது என்று தேன்மொழி யோசித்தாள். என்ன சொன்னாலும் அது யசோதாவுக்கு இதயம் ஆகாது. அடுத்தது வரும்வரை அவள் தாங்குவாளா என்பதும் யாருக்கும் தெரியாது.

சந்திரகிரிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி நின்றது. சீனு சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நெஞ்சை மெல்லத் தேய்த்துக்கொண்டான்.

“இன்னா சீனு?”

“ஒண்ணுமில்லக்கா. புழுக்கமா கீது.”

நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. தேன்மொழி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுடையதும்தான். அவள் டிரைவர் பக்கம் எட்டி, “சைரன் போடுங்கண்ணா” என்றாள்.

“பெட்டி காலிதானே மேடம்?” என்றார் அவர்.

“பெட்டி காலிதான். ஆளு இருக்காரு. போடுங்க.”